லோக்கல் ரயிலும் கிப்பன் தோளும்

மும்பை லோக்கலில் தாதரில் ஏறி கல்யாண் வரை நின்றே போகிறவர், தலைக்கு மேலிருக்கும் கம்பியைப் பிடித்திருக்கிறார். குர்லாவில் இறங்குகிறவருக்கு வழிவிட, பிடியை விடாமலே உடம்பை அரைவட்டம் திருப்புகிறார். போரிவலி காட்டில் வாழும் நீண்ட வால் குரங்கான லங்கூருக்கு இது வராது.

லங்கூரின் மார்புக்கூடு நாய்க்கு இருப்பதுபோல் குறுகி ஆழமானது. தோள்பட்டை எலும்பு விலாப்பக்கம் ஒட்டியிருக்கும். கை முன்னும் பின்னும் வீச்சாகப் போகும். கிளையின் மேல் ஓடித் தாவ அது போதும். கிப்பன், ஒராங்குட்டான் போன்ற வாலில்லாக் குரங்குகளுக்கோ மார்பு அகன்று தட்டையானது. தோள்பட்டை எலும்பு முதுகுக்கு நகர்ந்து, தோள்குழி மேல்நோக்கித் திரும்பிவிட்டது. அதனால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கிளையில் தொங்க முடியும். நமக்கும் ஏறக்குறைய அதே அமைப்புதான்.

ஏன் தொங்க வேண்டும்? ஆண் ஒராங்குட்டான் எண்பது கிலோ தேறும். மெல்லிய கிளைமேல் அந்த எடை நின்றால் பக்கவாட்டில் கவிழும். கீழே தொங்கினால் கவிழ இடமே இல்லை. இடுப்பும் குட்டை: லங்கூருக்குப் பெரும்பாலும் 7 இடுப்பு முள்ளெலும்புகள், ஒராங்குட்டானுக்கு 4. வீசி ஆடும்போது நடு உடம்பு துவளாது. வால் போனதற்கும் தொங்கலே காரணம் என்று அவசரப்பட வேண்டாம். கென்யாவில் கிடைத்த, சுமார் 1.8 கோடி ஆண்டு பழைய எகெம்போ என்ற தொல்குரங்குக்கு வால் இல்லை. ஆனால் அது கிளைமேல் நாலுகாலில்தான் நடந்தது.

கிப்பனின் மணிக்கட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். வாலுள்ள குரங்குகளில் சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பு மணிக்கட்டில் முட்டி நிற்கும். வாலில்லாக் குரங்குகளில் அது பின்வாங்கியிருப்பதால் கை தாராளமாகத் திரும்பும். கிப்பனுக்கு மணிக்கட்டின் நடுவிலேயே பந்துக்கிண்ணம் போன்ற மூட்டு வேறு. விரல்கள் கிளையைக் கவ்வியபடி இருக்க, உடம்பு அடியில் சுழன்று மறுகையை முன்னே கொண்டுவரும். நீண்டு வளைந்த நான்கு விரல்களும் கொக்கி, கட்டைவிரல் ஒதுங்கிக்கொள்ளும்.

ஆட்டம் ஊசல்தான். கீழே விழும்போது வேகம், மேலேறும்போது உயரம். கிளை தொலைவில் இருந்தால் ஒரு கணம் இரண்டு கையையும் விட்டுப் பறக்கும். அடுத்த கிளையை எட்டும்போது கையின் வட்டப்பாதையும் உடம்பு வந்த பாதையும் ஒட்டிப்போக வேண்டும். ஒட்டாவிட்டால் தோளில் வெட்டியிழுக்கும், சேர்த்த வேகம் வீணாகும். கை எட்டாமல் போவது அதைவிட மோசம். அதனால் கொஞ்சம் நெருங்கிவந்து, முழங்கை மடங்கிய நிலையிலேயே பிடிப்பதுதான் பாதுகாப்பு.

அப்படியும் காய்ந்த கிளை முறியத்தான் செய்யும். காட்டுக் கிப்பன்களின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் உடைந்து கூடிய எலும்பு இருந்தது.