ராஜ்மஹால் மலைக்குக் குடிபோகும் ஊழியக் குடும்பங்களுக்கு

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துச் சபைகளிலிருந்து வடக்கே ஊழியத்துக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, அங்க எதிர்ப்பு எப்படி?" என்றுதான். களத்துக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு முன்பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் பார்த்தவரையில் எதிர்ப்புக்குப் பயந்து பாதியில் திரும்பியவர்கள் குறைவு. காய்ச்சல், பிள்ளைகள் படிப்பு, பேச ஆளில்லாத வீடு என்று திரும்பியவர்கள்தான் அதிகம். அதனால் முதல் வருஷம் அங்கே குடியிருக்கப் பழகுங்கள், கூட்டமும் ஆராதனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். பலருக்கு இது பிடிப்பதில்லை.

ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மஹால் மலையையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்து மிஷனரிகள் பலர் உழைத்த இடம். சாகிப்கஞ்ச், பாகூர், கோட்டா மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மேலே மால்தோ பேசும் பஹாடியா மக்கள், அடிவாரத்தில் சந்தால் பழங்குடியினர், கடைத்தெருவில் இந்தியும் வங்காளமும். மால்தோ திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொன்னதும் "அப்போ ஈஸிதான்" என்று சிலருக்குத் தெம்பு வந்துவிடும். தமிழை வைத்துக்கொண்டு அங்கே ஒரு படி உப்பு வாங்க முடியாது. முதலில் இந்தி வேண்டும். ரேஷன், வங்கி, ஆஸ்பத்திரி, காவல் நிலையம் எல்லாம் அதில்தான் நடக்கும். மால்தோவை ஊருக்குள் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். எர்னஸ்ட் ட்ரோயஸ் என்ற மிஷனரி அந்த வட்டாரத்தில் பல வருஷம் இருந்த பிறகே, 1884இல், அதற்கு ஓர் இலக்கண நூலை வெளியிட்டார்.

சரி, காய்ச்சலுக்கு வருகிறேன். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கே வரும் மலேரியாவில் ஃபால்சிபாரம் வகையும் உண்டு. அது மூளையைத் தாக்கும், தாமதித்தால் உயிரை எடுக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் காய்ச்சலோடு காட்டு வேலைக்குப் போவதைப் பார்த்து, நாமும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். மலேரியா அதிகமுள்ள இடத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து போன வாரம் வந்து இறங்கிய உங்களுக்கும் உங்கள் குழந்தைக்கும் அது கிடையாது. காய்ச்சல் வந்த அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஊரளவில் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர்களை அங்கே 'சஹியா' என்பார்கள். ஊர் சஹியாவின் வீடு எது என்பதை, சாமான் இறக்கிய அன்றே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மனைவி கர்ப்பமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இதில் விசுவாசக் குறைச்சல் எதுவும் இல்லை.

இன்னொன்று காலா அசார் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சல். கொசுவைவிடச் சிறிய மணல் ஈ பரப்புகிறது. மண்சுவர் விரிசல்களில் ஒளிந்திருக்கும், சாதாரண கொசுவலைக்குள்ளும் நுழைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடை குறைதல், வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரல் வீங்குதல் இவையெல்லாம் அதன் அடையாளம். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டுக்குள் மருந்தடிக்க ஆள் வந்தால், ஜெப நேரம் என்று திருப்பி அனுப்பாமல் எல்லா அறையையும் திறந்து விடுங்கள். வலையை விரிப்புக்கு அடியில் செருகிப் படுக்கும் பழக்கம் இரவில் கட்டுவிரியனிடமிருந்தும் காப்பாற்றும்.

கங்கைக் கரையோரம் வீடு பார்ப்பவர்கள் அடிபம்புத் தண்ணீரைச் சோதித்துவிட்டுக் குடிபோங்கள். சாகிப்கஞ்ச் பக்கம் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தாலும் போகாது. டிசம்பர், ஜனவரி குளிரை நம் ஊர் மார்கழியாக எண்ண வேண்டாம். 'போர்சி' என்று கரிநெருப்புச் சட்டி வைத்துக் குளிர்காய்வார்கள். திண்ணையில் வைத்தால் நல்லது. கதவைச் சாத்திய அறைக்குள் வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொன்றுவிடும்.

அடுத்தது நான் அதிகம் கவலைப்படுவது. ஐயா மொழி கற்க ஊர் ஊராகப் போவார். நாலு பேர் டீ கொடுப்பார்கள், பேச்சு வரும், அவருக்குக் களம் பிடித்துவிடும். அக்கா அடிவாரத்தில் ஒரு வாடகை அறையில், கைக்குழந்தையோடு, ஒரு வார்த்தை தெரியாமல் இருப்பார். ஒரு தங்கச்சி போனில் சொன்னது: "அண்ணே, இன்னைக்கு நான் வாய் திறந்ததே இப்பதான்." மொழி ஆசிரியருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி மனைவியின் பாடத்துக்கு என்று ஆரம்பத்திலேயே ஒதுக்குங்கள். வாரச் சந்தைக்கு இரண்டு பேரும் போங்கள். குழந்தையை ஐயாவும் பார்த்துக்கொள்ளட்டும், அபிஷேகம் குறைந்துவிடாது. பிள்ளைகளுக்கு ஆறு வயதாகும்போது பள்ளிக் கேள்வி வரும். தோனாவூரில் மிஷனரி பிள்ளைகளுக்காகவே நடக்கும் சந்தோஷ வித்யாலயா போன்ற விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்று புறப்படும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பிள்ளை ஐந்து வயதைத் தாண்டிய பிறகு நடக்கும் பேச்சு சண்டையில்தான் முடிகிறது.

சட்டம் தெரியாமல் சபை வேலையைத் தொடங்காதீர்கள். இந்த மாவட்டங்கள் அடங்கிய சந்தால் பர்கனா பகுதியில் 1949 முதல் குத்தகைச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி அங்குள்ள குடியானவர் தன் நிலத்தை வெளியாளுக்கு விற்கவோ தானமாகக் கொடுக்கவோ முடியாது. அன்பினால் ஒருவர் "இந்த இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொன்னாலும் கட்டாதீர்கள், பின்னால் மாட்டிக்கொள்வது அவரும்தான். 2017இல் ஜார்க்கண்ட் மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. மதமாற்றச் சடங்கு நடத்துபவர் மாவட்ட நிர்வாகத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மாற்றினால் 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 50,000 வரை அபராதமும் உண்டு. மாற்றப்பட்டவர் பழங்குடியினர் என்றால் 4 ஆண்டு, ரூ. 1 லட்சம் வரை போகும். ஆராதனை முடிந்ததும் கம்பளி கொடுக்கும் வழக்கம் அங்கே எப்படிப் பார்க்கப்படும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உதவியை ஊர் முழுவதுக்கும், வேறொரு நாளில், ஊர்த் தலைவருக்குத் தெரிந்தே செய்வது நல்லது. வீட்டுக்காரரிடமும் என்ன வேலை என்று உள்ளதைச் சொல்லி வாடகைக்கு எடுங்கள். துணி வியாபாரம் என்று சொல்லிக் குடிபோனால் பிறகு எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

நீங்கள்தான் அங்கே முதல் ஆள் என்றும் நினைக்க வேண்டாம். சந்தால்களிடையே ஸ்க்ரெஃப்ஸ்ரூட், பொரேசன் என்ற இரண்டு மிஷனரிகள் 1867இல் தொடங்கிய ஊழியம்தான் இன்றைக்குத் தும்காவைத் தலைமையிடமாகக் கொண்ட வட இந்திய லுத்தரன் சபை. கத்தோலிக்கர்களும் நீண்ட காலமாக இருக்கிறார்கள். போன முதல் மாதமே அந்தப் போதகர்களைப் போய்ப் பாருங்கள். எந்த ஊரில் என்ன பழைய புண் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி அனுப்புகிற சபைகளுக்கு. ஆறாவது மாதமே "எத்தனை ஆத்துமா?" என்று கேட்டு ஜெபக் கடிதத்துக்கு எண்ணிக்கை தேடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாஷை வராத ஆள் மைக் கட்டுகிறார். விடுமுறைக்கு வரும் குடும்பத்தை ரயிலடியிலிருந்தே கன்வென்ஷன் மேடைக்கு இழுக்கவும் வேண்டாம். முதலில் முழு உடல் பரிசோதனை செய்து வைத்து, பத்து நாள் தூங்க விடுங்கள். ஊழியக் குடும்பங்களே, இங்கே வந்தபின் காய்ச்சல் கண்டால், "சாகிப்கஞ்சிலிருந்து வந்திருக்கிறோம்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். காலா அசார் நம் ஊர் டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் நோய் அல்ல. நீங்கள் சொல்லாவிட்டால் டைஃபாய்டுக்கும் டெங்குவுக்கும் பார்த்தே வாரங்கள் ஓடிவிடும்.