எல்லாத்துக்கும் ஆர்கனா, அண்ணே?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், இரும்பைக் காட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, ஆர்கன்லதானே போடுவீங்க?" ஆர்கன் என்றால் உசத்தி, ராடு, அதாவது பூச்சுப் பூசிய குச்சியால் ஒட்டுவது, என்றால் பழசு என்று எப்படியோ மனத்தில் பதிந்துவிட்டது. ஆர்கன் என்பது கேஸின் பெயர். அவர்கள் சொல்லும் வேலைக்குப் பெயர் டிக் (TIG): ஆர்கன் கேஸின் மறைப்பில் டங்ஸ்டன் முனையால் உருக்கி ஒட்டுவது. நான் பதிலுக்குக் கேட்பது: என்ன உலோகம், எத்தனை மில்லிமீட்டர், பட்டறையில் ஒட்டுவதா, தோட்டத்தில் ஒட்டுவதா?

கடைசிக் கேள்வியைக் கைக்காசு போட்டுத்தான் கற்றேன். செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லர் ஒன்றின் இழுவைக் கொக்கி விரிசல் விட்டிருந்தது. "வேலை நிக்கக்கூடாது, இங்கேயே ஒட்டிக் குடு தம்பி" என்றார் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர். ஜெனரேட்டரும், சுருளிலிருந்து கம்பியைத் தானே தள்ளி ஒட்டும் மிக் (MIG) மிஷினுமாகப் போய் இறங்கினேன். மழைக்கு முந்திய காற்று வீசிக்கொண்டிருந்தது. மிக்கில் உருகிய இரும்பைக் காப்பது கேஸ் மட்டும்தான். காற்று மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டினால் மறைப்பு இல்லாமல் ஒட்டாதே என்கிறது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் எஃகுக் கட்டுமான விதி. நான் மறைப்புக் கட்டவில்லை. காற்று கேஸை அடித்துக்கொண்டு போயிற்று. மேலே பார்க்க அழகான தையல், உள்ளே தேன்கூடு போல ஓட்டைகள். இரண்டாம் வாரம் மேட்டில் ஏறும்போது கொக்கி அறுந்து டிரெய்லர் பின்னால் உருண்டது. பின்னால் ஆள் இல்லாதது யார் செய்த புண்ணியமோ.

அந்தக் கனத்துக்கும் அந்த இடத்துக்கும் ஏற்றது 7018 ராடு. அதன் மேல்பூச்சே எரிந்து புகையாகவும் கசடாகவும் மாறி உலோகத்தை மூடிக்கொள்ளும். 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்ற கணக்கு. ஆனால் ஈரம் பட்ட ராடு ஆபத்து. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒட்டுக்குள் புகுந்து, எல்லாம் ஆறிய பிறகு விரிசல் விடும். நம் ஊர் மழைக்குப் பிரித்த பெட்டி தாங்காது. வெயிலில் காயவைத்தால் போதும் என்பார்கள். அது என்ன அப்பளமா? 260 டிகிரிக்குக் குறையாத அடுப்பில் இரண்டு மணி நேரமாவது வைக்க வேண்டும்.

கிரில் கேட்டுக்குப் போடும் 1.2 மில்லிமீட்டர் பைப்பில் ராடு வைத்தால் ஓட்டை விழும். அதற்கு மிக், 0.8 கம்பி.

ஆர்கன் கேட்டு வருகிறவர்களை நான் மறுபேச்சில்லாமல் உட்காரவைப்பது தைப்பூசத்துக்கு முன்புதான். காவடிக்கான அலுமினியச் சட்டம் வேறு எதிலும் இவ்வளவு சுத்தமாக வராது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலிருக்கும் ஆக்சைடு தோலோ 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். அந்தத் தோலை உரிக்க ஏசி மின்சாரத்தில் டிக் ஓட்ட வேண்டும். டிசி மட்டும் உள்ள மலிவு மிஷினை வாங்கிவிட்டு என்னிடம் வந்து புலம்பியவர்கள் உண்டு. கோயில் எவர்சில்வர் கைப்பிடிக்கு டிசியே போதும்.

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜிஐ பைப்புக்கு எந்த முறையானாலும் ஒரே பேச்சு: ஒட்டுமிடத்தில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாகும். அதைச் சுவாசித்தவனுக்குச் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். என்னிடம் வேலை பழகும் பையன் ஒருவன் போன மாதம் ஜிஐ வேலை என்றதும் கடைக்கு ஓடிப்போய் ஒரு பால் பாக்கெட்டோடு வந்தான். குடித்தால் புகை ஏறாதாம்.

"பாலைக் குடி, நல்லதுதான். குடிச்சிட்டு கிரைண்டரை எடு" என்றேன்.