எந்த இருபத்தொன்றாம் நாள்?

ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்திருந்தாள் அந்தப் பெண். வீட்டில் பீடி சுற்றுகிறாள். கல்யாணமாகி மூன்று வருடம். மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பியது மாமியார்தான். “இவளுக்கு ஹார்மோன் குறைவாம், டாக்டரம்மா. முழுகாமல் இருப்பதற்கு மாத்திரை எழுதுங்கள்.”

குறைவு என்று வந்திருந்தது புரோஜெஸ்டிரோன், கரு தங்கக் கருப்பையைத் தயார் செய்யும் ஹார்மோன். மாதவிலக்கான 21ஆம் நாளில் எடுத்த ரத்தம்.

“எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, தாயி?”

“நாற்பது நாள் ஆகும்.”

சிக்கல் அங்கேதான். கருமுட்டை வெளிவந்த பிறகே புரோஜெஸ்டிரோன் கூடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் உச்சம் தொடும். 28 நாள் சுழற்சிக்காரிக்கு அது 21ஆம் நாள். நாற்பது நாள்காரிக்கு முட்டை வருவதே 26ஆம் நாள் வாக்கில். ரத்தம் எடுக்க வேண்டியது 33இல். அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்பு என்று பின்னோக்கி எண்ண வேண்டும். நாற்பது நாள்காரிக்கு 21இல் எடுத்தால் குறைவு என்றுதான் வரும்.

அந்தச் சீட்டை நம்பி ஆறு மாதம் மாத்திரை விழுங்கியிருக்கிறாள். முட்டை வருமுன்பே புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையைத் தொடங்கினால் முட்டை வருவதே தடைபடக்கூடும். நிறுத்திய சில நாளில் உதிரம் படும். ‘மாதம் ஒழுங்காகிவிட்டது’ என்று வீடே நிம்மதி அடையும். மாத்திரை வரவழைத்த உதிரம் அது, முட்டை வந்ததற்குச் சான்று ஆகாது. பக்கத்து வீட்டு மதினியின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவோரை என்ன சொல்வது! சோதனைக்குழாய் முறையில் கரு வைத்த பிறகு இந்த மருந்து அவசியம். முன்பு கலைந்தவர்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் உதிரம் கண்டாலும் பயன்படும். நாள் தள்ளிப் போகிறவர்களுக்கோ தைராய்டு, புரோலாக்டின் என்கிற பால் சுரப்பு ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கரு நிற்குமுன்பே.

இன்னொரு கணக்கும் இருந்தது. கணவன் துபாயில். மூன்று வருடத்தில் சேர்ந்திருந்தது நான்கு மாதம்கூட இல்லை. நம் பக்கத்தில் பாதிப் பேர் கதை இதுதான். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள். ஆணின் உயிரணு ஐந்து நாள் வரை தாங்கும். ஓராண்டு சேர்ந்திருந்து முயன்றும் தங்கவில்லை என்றால்தான் பரிசோதனை என்பது பொது விதி. 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே வரலாம். பிரிந்திருந்த மாதங்களை அதில் சேர்க்கக் கூடாது.

அந்தப் பையில் கணவன் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லை. விந்துப் பரிசோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டால் போதும், ஊசியும் இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் தெம்புக்கென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவரா என்றும் கேட்கச் சொன்னேன். அது உயிரணு உற்பத்தியையே முடக்கிவிடும்.

ஆனித் தேரோட்டத்துக்கு வருகிறானாம். அவன் பெயருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். மாமியார் வாங்கி, படிக்காமலே பையின் அடியில் வைத்தார்.