மறைத்து எடுத்துச் செல்லும் பிஸ்டல்: ட்ரிகரை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

பிஸ்டல் வாங்க வருகிறவர்கள் கடையில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடை இழுத்து விடுவார்கள். ட்ரிகரை மெதுவாக, ரொம்ப மெதுவாக அழுத்துவார்கள். ‘டக்’கென்று சுத்தமாக விடுபட்டால் முகம் மலர்ந்துவிடும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு மாடல் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய் விடுபட்டால், உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துவிடுவார்கள். தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பது என் தொழில். இப்படித் தேர்ந்தெடுத்த பிஸ்டலோடு வகுப்புக்கு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு அந்த அளவுகோல் சரி. சட்டைக்கு உள்ளே, இடுப்பில், சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் அறை) தோட்டாவோடு நாள் முழுக்க இருக்கப்போகிற பிஸ்டலுக்கு அது போதாது. அங்கே ட்ரிகருக்கு இரண்டு வேலை இருக்கிறது. சுட வேண்டிய நேரத்தில் குழலை அசைக்காமல் விடுபட வேண்டும். சுட வேண்டாத நேரத்தில் விடுபடவே கூடாது. கடையில் விரலுக்கு இதமாகப் படுவதை வைத்து இந்த இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது. (மறைத்து எடுத்துச் செல்வதற்கான சட்டமும் உரிமமும் இடத்துக்கு இடம் மாறும். அதை முறையாக முடித்துவிட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.)

ஒரே ஒரு அழுத்தலுக்குள் பல கட்டங்கள் இருக்கின்றன. விரல் வைத்ததும் ட்ரிகர் லேசாக நகர்வது டேக் அப். அப்புறம் எதிலோ முட்டியது போல நிற்குமே, அதைப் பயிற்சிக்களத்தில் ‘வால்’, அதாவது சுவர் என்போம். அதைத் தாண்டி விடுபடும் இடம் பிரேக். விடுபட்ட பிறகும் ட்ரிகர் பின்னால் போனால் அது ஓவர் டிராவல். விரலைத் தளர்த்தும்போது ‘கிளிக்’ என்று அடுத்த தோட்டாவுக்குத் தயாராகும் இடம் ரீசெட். இரண்டு பிஸ்டல்களை ஒப்பிடும்போது இந்த ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கவனியுங்கள். ‘நல்லா இருக்கு, நல்லா இல்லை’ என்று மொத்தமாகச் சொல்வதில் ஒன்றும் தெரியாது.

எல்லோரும் கேட்கும் கேள்வி, “எத்தனை பவுண்டு?” என்பது. ட்ரிகர் விடுபட விரல் கொடுக்க வேண்டிய அழுத்தத்தின் அளவு அது. அந்தப் பவுண்டு மட்டும் தெரிந்து பெரிய பயன் இல்லை. பல கிளாக் மாடல்களின் ட்ரிகர் சுமார் 5.5 பவுண்டு, அதாவது 2.5 கிலோ. அதே எடையில் 1911 ரகப் பிஸ்டல்களும் கிடைக்கும். ஆனால் 1911-இல் ட்ரிகர் நகரும் தூரம் மிகக் குறைவு. சிங்கிள் ஆக்‌ஷன் என்பதால் தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலான ஹேமர் முன்பே பின்னால் இழுபட்டு நிற்கிறது; ட்ரிகர் அதை விடுவித்தால் போதும். கிளாக்கில் ஹேமருக்குப் பதிலாக உள்ளே இருக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர் பாதி இழுபட்ட நிலையில்தான் இருக்கும். மிச்சத்தை உங்கள் விரல்தான் இழுக்கிறது. எடை ஒன்று, தூரம் வேறு. அந்தத் தூரம்தான் உங்கள் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம்.

டபுள் ஆக்‌ஷனும் சிங்கிள் ஆக்‌ஷனும் சேர்ந்த பிஸ்டல்களில் கதை இன்னும் வேறு. டபுள் ஆக்‌ஷன் என்றால் ட்ரிகரே ஹேமரைப் பின்னால் இழுத்து, பிறகு விடுவிக்கும். பெரெட்டா 92 போன்றவற்றில் முதல் அழுத்தல் நீளமாகவும் கனமாகவும் இருக்கும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடுத்தடுத்தவை லேசானவை. கடையில் ஹேமரைக் கையால் இழுத்து வைத்துவிட்டு லேசான அழுத்தலை மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஹோல்ஸ்டரிலிருந்து (பிஸ்டல் உறை) எடுத்ததும் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்தக் கனமான முதல் அழுத்தல்தான். அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பிஸ்டலின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. முழுக்க எஃகால் ஆன பெரிய 1911 ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். சிக் சாவர் பி365 போன்ற சின்னப் பிஸ்டல் சுமார் 500 கிராம். இரண்டிலும் 2.5 கிலோ ட்ரிகர் என்று வைத்துக்கொண்டால், சின்னதில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் துப்பாக்கியின் சொந்த எடையைப்போல் ஐந்து மடங்கு. அந்த அழுத்தம் நேராகப் பின்னால் போகாமல் இம்மியளவு பக்கவாட்டில் போனாலும் குழல் திரும்பிவிடும். பெரிய பிஸ்டலில் அருமையாகச் சுடுகிறவர் சின்னதை வாங்கியதும் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எப்படிச் சோதிப்பது? வெற்றாக, அதாவது தோட்டா இல்லாமல், அழுத்திப் பார்க்கலாமா என்று முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள். தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். வீட்டில் செய்வதானால் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். குறிவைக்கும் சுவர் தோட்டாவைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்துச் சுடும் ரகம்) பிஸ்டல்களில் போலித் தோட்டா இல்லாமல் வெற்றாக அழுத்தாதீர்கள், பிஸ்டல் கெட்டுவிடலாம்.

அப்புறம் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, கண்ணை, குழல் முனைக்கு மேலே இருக்கும் முன்குறியின் மேலேயே வையுங்கள். முதலில் மெதுவாக அழுத்துங்கள். அடுத்து சாதாரண வேகத்தில். மூன்றாவது, நண்பர் ஒருவர் ‘ம்’ என்றதும் உடனே. மெதுவாக அழுத்தும்போது எல்லாப் பிஸ்டலும் நல்ல பிஸ்டல்தான். வித்தியாசம் தெரிவது மூன்றாவதில். வலக்கைக்காரர் என்றால் விடுபடும் அந்தக் கணத்தில் முன்குறி கீழேயும் இடப்பக்கமும் சாயும், பெரும்பாலும் அப்படித்தான். அது எவ்வளவு சாய்கிறது என்பதைப் பாருங்கள். மிகக் குறைவாகச் சாய்கிற பிஸ்டல் உங்கள் கைக்குப் பொருந்துகிறது. விரலுக்கு அது கொஞ்சம் முரடாகப் பட்டாலும் பரவாயில்லை. பல ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்களில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்துவிட வேண்டியிருக்கும், அலுக்காமல் செய்யுங்கள். ஒற்றைக் கையாலும், பழக்கமில்லாத கையாலும் அழுத்திப் பாருங்கள்.

முன்குறி மேல் நாணயத்தை வைத்து விழாமல் அழுத்தும் பயிற்சி பிரபலம். நல்ல பயிற்சிதான். ஆனால் மெதுவாக அழுத்தினால்தான் நாணயம் நிற்கும் என்பதால், பிஸ்டல்களை ஒப்பிட அது உதவாது.

ஒப்பிடும் வரிசையும் விரலை ஏமாற்றும். லேசான ட்ரிகரை அழுத்திவிட்டு உடனே அடுத்ததை எடுத்தால், அது தேவைக்கு மேல் கனமாகத் தெரியும். அதனால் ஒருமுறை முடிந்ததும் வரிசையைத் திருப்பி மறுபடி செய்யுங்கள்.

விரல் எட்டும் தூரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வகுப்புக்கு வந்த ஒரு பெண் கையில் வைத்திருந்தது டபுள் ஆக்‌ஷன் ரகம். முதல் தோட்டா எப்போதும் இடப்பக்கம் விலகும், அடுத்தவை நடுவில் விழும். “எனக்கு விரலில் பலம் இல்லை சார், லேசான ஸ்பிரிங் போட்டுக் கொடுங்கள்” என்றார். பக்கத்தில் நின்று கையைப் பார்த்தேன். முதல் அழுத்தலுக்கு ட்ரிகர் முன்னால் தள்ளி இருப்பதால் விரல் நுனி மட்டும்தான் எட்டியது. எட்ட வைப்பதற்காக அவர் கைப்பிடியையே சற்றுத் திருப்பிப் பிடித்திருந்தார். இரண்டாவது தோட்டாவுக்கு ட்ரிகர் பின்னால் வந்துவிடுவதால் எந்தச் சிக்கலும் இல்லை. கைப்பிடியின் பின்பக்கத் தகட்டைச் சிறியதாக மாற்றியதும் விரலின் நடுச்சதை ட்ரிகரில் உட்கார்ந்தது. முதல் தோட்டாவும் நடுவுக்கு வந்தது. ஸ்பிரிங்கில் நாங்கள் கையே வைக்கவில்லை. கடையில் பிஸ்டலைச் சரியாகப் பிடித்த பிறகு, கையைத் திருப்பாமல் விரல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நுனியில் விழுந்தால் வேறு மாடல் பாருங்கள்.

ரீசெட் குட்டையாக இருப்பதைப் பெரிய சிறப்பாக விளம்பரம் செய்கிறார்கள். பதற்றத்தில் பெரும்பாலானவர்கள் விரலை முழுவதுமாக முன்னால் விட்டுவிட்டுத்தான் மறுபடி அழுத்துகிறார்கள். அங்கே குட்டை ரீசெட்டால் பெரிய லாபம் இல்லை. மாறாக, ரீசெட் மிக நீளமாக இருந்தால்தான் ஆபத்து. சின்ன டபுள் ஆக்‌ஷன் பாக்கெட் பிஸ்டல்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேகமாகச் சுடும்போது விரல் பாதியிலேயே திரும்பிவிடும், ட்ரிகர் செத்துக் கிடக்கும். சுடுகிறவர் தோட்டா சிக்கிவிட்டது என்று நினைத்து ஸ்லைடை இழுத்து, நல்ல தோட்டாவைத் தரையில் தள்ளிவிடுவார். வேறு பிஸ்டலில் பழகிய விரலுக்கு இது இன்னும் அதிகமாக நடக்கும்.

அப்படியானால் கனமான ட்ரிகர்தான் பாதுகாப்பா? நியூயார்க் நகரக் காவல்துறை ரிவால்வரிலிருந்து செமி ஆட்டோமேட்டிக்குக்கு மாறியபோது, தவறுதலாகச் சுடுவதைக் குறைக்க 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ ட்ரிகரைத் தேர்ந்தெடுத்தது. 2012 ஆகஸ்ட் 24-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, கொலை செய்துவிட்டு வந்த ஒருவரை இரண்டு காவலர்கள் எதிர்கொண்டார்கள். 16 தோட்டாக்கள் சுட்டார்கள். தோட்டாக்களாலும் சிதறல்களாலும் வழியில் போன 9 பேர் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ட்ரிகரைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. நெரிசலான நடைபாதை, சில நொடிகளில் நடந்த மோதல் என்று காரணங்கள் பல. ட்ரிகர் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் 5 கிலோவுக்கு மேல் அழுத்தம் கேட்கும் ட்ரிகரை வேகமாக அழுத்தினால் முன்குறி என்ன ஆகிறது என்பதை நீங்களே வெற்றாக அழுத்திப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். திடீரென்று திடுக்கிட்டாலோ, கால் தடுக்கினாலோ, இடக்கை எதையாவது இறுகப் பிடித்தாலோ, வலக்கை விரல்களும் தாமாகவே இறுகும். அந்த இறுக்கம் எந்த ட்ரிகரையும் மிஞ்சிவிடக்கூடியது. அதனால் ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டுக்கு வெளியே விரல் இருப்பதற்கு ஈடாக எந்த ஸ்பிரிங்கும் கிடையாது. இதை ஒப்புக்கொண்ட பிறகு என் தேர்வு இதுதான்: புதிதாக எடுத்துச் செல்கிறவருக்கு 2.5 முதல் 3 கிலோ வரை, கொஞ்சம் தூரம் நகர்ந்து, தெளிவான சுவரில் நின்று விடுபடும் ட்ரிகர். சுடாமல் பூட்டி வைக்கும் தனி சேஃப்டி இல்லாத, குட்டையான, லேசான ட்ரிகரைப் புதியவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சேஃப்டி உள்ள சிங்கிள் ஆக்‌ஷன் வேண்டும் என்கிறவர், பயிற்சியில் ஒவ்வொரு முறை பிஸ்டலை எடுக்கும்போதும் கட்டைவிரலால் சேஃப்டியை இறக்கிப் பழக வேண்டும்.

பிஸ்டலைத் திரும்ப ஹோல்ஸ்டரில் வைக்கும் நேரம் ரொம்ப ஆபத்தானது. சட்டை நுனியோ, ஜாக்கெட்டின் கயிறோ ட்ரிகர் கார்டுக்குள் போய்விட்டால் துணியே ட்ரிகரை இழுத்துவிடும். வெளியே தெரியும் ஹேமர் உள்ள டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலில் கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்துக்கொண்டு நுழைக்கலாம். ட்ரிகர் நகர்ந்தால் ஹேமர் அசைவது விரலுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலான ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்களில் இந்த வசதி இல்லை. அங்கே கண்ணால் பார்த்து, அவசரப்படாமல் வைப்பதுதான் வழி. ட்ரிகர் கார்டை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் இல்லாமல் எந்த ட்ரிகரைப் பற்றிப் பேசியும் பயனில்லை.

வாங்கிய பிறகு ட்ரிகரை மாற்றலாமா என்று கேட்பார்கள். எடுத்துச் செல்லும் பிஸ்டலில் வேண்டாம் என்பேன். ஸ்பிரிங்கை லேசாக்கினால் தோட்டாவின் அடியில் இருந்து வெடிப்பைத் தொடங்கும் பிரைமரில் அடி பலமாக விழாமல் தோட்டா வெடிக்காமலே போகலாம். அதோடு ட்ரிகர் என்பது தனி உறுப்பு அல்ல. கீழே விழுந்தாலும் சுடாமல் காக்கும் அமைப்போடு பிணைந்தது. 2017-இல் சிக் சாவர் பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழும்போது வெடிக்கிறது என்று தெரியவந்து, அந்த நிறுவனமே இலவசமாக மேம்படுத்திக் கொடுத்தது. விழுந்த வேகத்தில் ட்ரிகர் தன் சொந்த எடையாலேயே நகர்ந்ததுதான் சிக்கல். மேம்பாட்டில் எடை குறைந்த ட்ரிகரைப் பொருத்தினார்கள். ட்ரிகரின் எடை சில கிராம் மாறினாலே இப்படி என்றால், எதையோ வாங்கி வீட்டில் மாட்டுவதை யோசித்துப் பாருங்கள். மணல் நெருடுவது போல இருக்கும் புது ட்ரிகர், சில நூறு தோட்டாக்களில் தானாகவே வழுவழுப்பாகிவிடும்.

கடையில் இரண்டு பிஸ்டல்களில் வந்து நின்றுவிட்டால், வாடகைக்குக் கொடுக்கும் பயிற்சிக்களம் இருந்தால் இரண்டையும் எடுத்துச் சுடுங்கள். வேறு வேறு நாட்களில் போங்கள். கை சூடேறாமல், போனதும் முதல் வேலையாக, 5 மீட்டரில் ஒரே ஒரு தோட்டா, உடனே சுட வேண்டும். களம் அனுமதித்தால் ஹோல்ஸ்டரிலிருந்து எடுத்தே சுடுங்கள். அந்த முதல் ஓட்டைகளை மட்டும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். பிறகு சுட்ட ஐம்பதையும் நூறையும் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்தப் பிஸ்டலின் முதல் ஓட்டைகள் நடுவில் நெருக்கமாக இருக்கின்றனவோ, அதன் ட்ரிகர்தான் உங்களுடையது.