பாசிவ் பிரீஅம்ப் என்னும் ஒலித் தணிப்பான்

வீட்டில் பாட்டுக் கேட்க நல்ல கருவி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி அடிபடும் பெயர் 'பாசிவ் பிரீஅம்ப்'. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அம்பிளிபயர் என்றால் விரியலாக்கி. அப்படியானால் இது முன்விரியலாக்கியா? அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது. இந்தப் பெட்டி எதையும் விரிப்பதில்லை, பெரும்பாலும் மின்சாரமும் கேட்பதில்லை. சீடி பிளேயருக்கும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் அம்புக்கும் நடுவே இருந்து, வரும் சமிக்ஞையைக் குறைத்து அனுப்புவதுதான் இதன் வேலை. சீடி பிளேயர் வழக்கமாக 2 வோல்ற் வரை தரும். பல பவர் அம்ப்களுக்கு 1 வோல்ற் அளவே முழுச் சத்தத்துக்குப் போதும். பிறகு ஏன் பெருக்க வேண்டும்?

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள சரியான பெயர் அட்டெனுவேட்டர். 'மெல்லிய' என்னும் பொருளுள்ள தெனுயிஸ் என்ற இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. நேராகப் பார்த்தால் 'மெலிப்பான்'. ஆனால் இசைத்தமிழில் மெலிவு, சமன், வலிவு என்பவை தானங்கள், அதாவது ஸ்தாயிகள். மெலிவு என்றால் கீழ்த்தானம். சத்தம் குறைவது அல்ல. பாட்டுக் கருவிக்கே அப்பெயரை வைத்தால் குழப்பம் வரும். 'தணிந்த குரல்' என்று எல்லோரும் சொல்கிறோம். எனவே ஒலித் தணிப்பான் என்பதே என் தெரிவு. தணிப்பான் என்றபின், பெருக்காதது என்று சொல்லும் 'பாசிவ்' என்பதற்குத் தனியாகச் சொல் தேடவும் வேண்டாம்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு வொலியூம் பொட், அதாவது திருகிச் சத்தத்தை மாற்றும் பொட்டென்சியோமீற்றர். பாடப்புத்தகத்தில் அழுத்தமானி என்று படித்தோமே, அதே பெயர்தான். அங்கே அது அளக்கும் கருவி, இங்கே குறைக்கும் கருவி. மலிவான பொட்டில் சத்தத்தை நன்றாகக் குறைத்தால் இடமும் வலமும் சமமாக வராது. படிப்படியாகத் திரும்பும் சுவிட்ச் வகையில் ஒவ்வொரு படிக்கும் தனித் தடைகள் இருப்பதால் அந்தக் குறை இல்லை. இரண்டு படிகளுக்கு நடுவே நிறுத்தத்தான் முடியாது. பொட்டுக்குப் பதில் டிரான்ஸ்போமர் வைத்த வகையும் உண்டு, அது விலை கூடியது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பொட்டின் ஓம் அளவை. 100 கிலோஓம் பொட்டை வோல்ற்றளவு பாதியாகும் இடத்தில் வைத்தால் வெளியீட்டுத் தடை 25 கிலோஓம் வரும். அதில் 5 மீற்றர் கேபிள் மாட்டுங்கள். மீற்றருக்கு 100 பிக்கோபரட் என்றால் மொத்தக் கொள்ளளவம் 500 பிக்கோபரட். இந்தத் தடையும் கொள்ளளவமும் சேர்ந்து உச்ச ஒலிகளைக் குறைக்கும்; ஏறத்தாழ 12.7 கிலோஹேர்ட்ஸிலேயே 3 டெசிபெல் விழுந்துவிடும். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் பழைய தவில் பதிவைப் போட்டால், கூடவரும் தாளத்தின் கிணுகிணுப்புத்தான் முதலில் மங்கும். அதே இடத்தில் 10 கிலோஓம் பொட் இருந்தால் அந்த எல்லை 127 கிலோஹேர்ட்ஸுக்குப் போய்விடும். காதுக்கு எட்டாத தூரம்.

ஆகவே சீடி பிளேயருக்கு 10 கிலோஓம், அம்ப் வரை ஒரு மீற்றர் கேபிள் என்றால் சரி. சமிக்ஞை தரும் கருவி வால்வ் (வெற்றிடக் குழாய்) வகையானால் 10 கிலோஓம் அதற்குப் பாரமாகிவிடும், 50 வரை போகலாம். அப்போது கேபிளை இன்னும் குட்டையாக வைக்க வேண்டும். இசைத்தட்டுக் கருவியை மட்டும் இதில் நேரே மாட்டாதீர்கள். ஊசியில் இருந்து வருவது சில மில்லிவோல்ற்தான், அதற்கு உண்மையான விரியலாக்கியே வேண்டும்.