ஓவனில் வெந்தாலும் பீர் முழுதாகப் போகாது: ஓசூரிலிருந்து ஒரு பேக்கரின் வேண்டுகோள்

போன மார்கழியில் ஓசூரில் ஒரு கம்பெனியில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று, கூட வேலை பார்ப்பவர்கள் முட்டை, பால் எதுவும் சேராத சாக்லேட் கேக்காகத் தேடி ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின்மேல் '100% வீகன்' என்று பச்சை ஸ்டிக்கர். சாமி நம்பிக்கையோடு இரண்டு துண்டு சாப்பிட்டார். மறுநாள் அந்தக் கேக்கைச் செய்த பெண் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போடுகிறார். மாவுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கறுப்பு பீர் பாட்டில். விரதத்தைத் தொடரலாமா, மாலையைக் கழற்ற வேண்டுமா என்று அந்த மனிதர் குருசாமி வீட்டுக்கு ஓடியிருக்கிறார்.

கேக் செய்த பெண்ணை எனக்குத் தெரியும். நல்ல கைப்பக்குவம் உள்ளவர், யாரையும் ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது. கூப்பிட்டுக் கேட்டேன். "ஓவன்ல வெந்தா ஆல்கஹால் எல்லாம் ஆவியாப் போயிடும்லக்கா" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பேக்கிங் வகுப்புக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள், ஆர்டர் கொடுப்பவர்கள் சொல்கிறார்கள், வீடியோவில் பேசுகிறவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் போடும் கணக்கு இதுதான்: ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், ஓவன் 180 டிகிரி, அப்புறம் எப்படி மிச்சம் இருக்கும்? சரி, இதே கணக்கைத் தண்ணீருக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஓவன் அதே 180 டிகிரி. அப்படியானால் வெந்து வரும் கேக்கில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாதே? கேக் ஈரமாக, மெத்தென்றுதானே வருகிறது? 180 டிகிரி என்பது ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு. கேக்கின் நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தால், வெந்து முடிந்த நேரத்தில்கூட 100 டிகிரியைத் தாண்டியிருக்காது. அந்தச் சூடும் கடைசிச் சில நிமிடங்களில்தான் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரும். அதற்குள் மேலே தோல் கட்டிவிடும். ஆல்கஹாலும் தண்ணீரும் ஒன்றோடு ஒன்று கலந்தவை. இது முதலில் போகட்டும், அது அப்புறம் போகட்டும் என்று தனித்தனியாகப் பிரிந்து கிளம்புவதில்லை.

இது நானாகச் சொல்வதல்ல. சமையலில் எவ்வளவு ஆல்கஹால் தங்குகிறது என்று ஆராய்ந்த கட்டுரை 1992-லேயே அமெரிக்க உணவியல் இதழில் வந்துவிட்டது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையிலும் இதற்குக் கணக்கு இருக்கிறது. கலவையில் சேர்த்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 சதவீதம் மிச்சம். அரை மணி நேரத்துக்கு 35 சதவீதம். ஒரு மணி நேரத்துக்கு 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் வைத்தாலும் 5 சதவீதம் இருக்கிறது. நம் சாக்லேட் கேக் எவ்வளவு நேரம் வேகிறது? 35, 40 நிமிடம். ஆக, ஊற்றியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கிறது.

இதைக் கேட்டு யாரும் பயப்படவும் வேண்டாம். 5 சதவீத பீர் 250 மில்லி ஊற்றினால் அதில் ஆல்கஹால் பன்னிரண்டரை மில்லி. வெந்த பிறகு நான்கு மில்லி, கொஞ்சம் கூடவோ குறையவோ. பன்னிரண்டு துண்டு போட்டால் ஒரு துண்டில் வருவது சில சொட்டுகள்தான். அதைச் சாப்பிட்டு யாருக்கும் போதை ஏறாது. ஆனால் மேலே ஊற்றும் பாகு இருக்கிறதே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேக் ஆறியதும் குத்திக் குத்தி, 100 மில்லி பீரில் செய்த பாகை ஊற்றுகிறார்கள். லேசாகச் சூடுபண்ணியதோடு சரி, ஓவன் பக்கமே போகாத பீர் அது. அதிலுள்ள ஆல்கஹால் ஏறக்குறைய ஐந்து மில்லி, வெந்த கேக் முழுவதிலும் இருப்பதைவிட அதிகம். 'ஓவன்ல போயிடும்' என்பவர்கள் இந்தப் பாகை எந்த ஓவனில் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

மாலை போட்டவருக்கு அது ஒரு சொட்டா, ஒரு கிளாஸா என்பது பிரச்சினையே இல்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கும் அப்படித்தான். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் பேக்கரிக்கு வருகிறவர்களில் அவர்கள் எத்தனை பேர் என்று கடை நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் பக்கத்தில் வீகன் ஸ்டிக்கரைப் பார்த்தால் சுத்த சைவத்துக்கும் ஒரு படி மேல் என்றுதான் நினைக்கிறார்கள். புரட்டாசி சனிக்கிழமைக்கு, கார்த்திகை விரதத்துக்கு, வீட்டுப் பெரியவர்களுக்கு என்று தேடி வாங்குகிறார்கள். மதுவை வாசலில்கூடச் சேர்க்காதவர்கள்தான் அந்த ஸ்டிக்கரை அதிகம் நம்புகிறார்கள். பீர் செடியிலிருந்து வருவது, ஆகவே வீகன்தான் என்று வாதாடினால் வாதம் ஜெயிக்கும். சாப்பிட்டவரின் விரதத்தை யார் திருப்பித் தருவது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். குடியை விடுவதற்கு மாத்திரை எடுப்பவர்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுக்கும்போதே, இருமல் சிரப், வாய் கொப்பளிக்கும் மருந்து, மது சேர்த்துச் சமைத்த உணவு எதுவும் கூடாது என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். அதோடு ஆல்கஹால் சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். எவ்வளவு குறைந்த அளவு யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும், கேக் கடைக்காரர் சொல்ல முடியாது. அதைவிடக் கொடுமை, கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் இந்த மாத்திரையைக் கலந்து கொடுக்கும் வீடுகளும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தான் மாத்திரையில் இருப்பதே தெரியாத மனிதர் எதைப் பார்த்து ஜாக்கிரதையாக இருப்பார்? மாத்திரையே வேண்டாம் என்று மன உறுதியால் விட்டவர்களுக்கும், அந்த வறுத்த கசப்பு நாக்கில் படுவதே போதும், பழைய நினைப்பு கிளம்பிவிடும்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம். அதற்கு விளக்கம் தேவையில்லை.

சரி, பீராவது வீகன்தானா? ஸ்டவுட் என்பது கேக்கில் ஊற்றும் அந்தக் கறுப்பு பீர். இங்கேயும் செய்முறை சொல்பவர்கள் 'ஏதாவது ஸ்டவுட்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மில்க் ஸ்டவுட் என்று ஒரு வகை இருக்கிறது. பாலிலிருந்து எடுக்கும் லாக்டோஸ் சர்க்கரையை அதில் சேர்ப்பார்கள். ஈஸ்ட்டால் அதை நொதிக்க வைக்க முடியாது, அதனால் இனிப்பு அப்படியே தங்கும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மா வீகன் என்று நம்பி வாங்கும் கேக்கில் பால் சரக்கு! பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையைக் காயவைத்துச் செய்த பொருளைப் போடும் வழக்கமும் பழையது. கின்னஸ் நிறுவனமே அதை நிறுத்தப் போவதாக 2015-ல்தான் அறிவித்தது. பெரும்பாலான ஸ்டவுட்டில் பார்லி உண்டு, ஆகவே கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதமும் உண்டு. மைதாவுக்குப் பதில் ராகி மாவில் கேக் செய்து அதில் இந்த பீரை ஊற்றி 'குளூட்டன் இல்லை' என்று விற்பவர்களையும் பார்த்துவிட்டேன்.

பச்சைப் புள்ளியை நம்பி இதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது. பால், தேன் சேர்த்தாலும் பச்சைப் புள்ளிதான். வீகனுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது, தனிச் சின்னம் இருக்கிறது, அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். பிரிண்டிங் கடையில் அடித்து ஒட்டும் ஸ்டிக்கர் அந்தச் சின்னம் ஆகாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த பீரைப் பெரும்பாலும் பெங்களூரில் வாங்கி, அத்திப்பள்ளி தாண்டி, மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடி வழியாகப் பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். வேறு மாநில மதுவை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். கேக்குக்குத்தானே என்று செக்போஸ்ட்டில் சொல்லிப் பயனில்லை. மது கலந்த ஐஸ்கிரீம் விற்ற புகாரில் 2022-ல் கோவையில் ஒரு கடை மூடப்பட்டது நினைவிருக்கிறதா? வீட்டிலிருந்து விற்கும் பெண்களே, உங்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை இப்படி ஒரு பாட்டிலுக்காகப் பறிகொடுக்காதீர்கள். என் கடையில் இந்தக் கேக்குக்கு ஆர்டர் எடுப்பதில்லை.

உங்கள் வீட்டில், விவரம் தெரிந்த பெரியவர்களுக்கு மட்டும், நீங்களே செய்கிறீர்களா? அது உங்கள் விருப்பம். பரிமாறும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள். 'இதில் பீர் இருக்கிறது.' மூன்றே வார்த்தை. சாப்பிட்ட பிறகு சிரித்துக்கொண்டே சொல்வது விளையாட்டல்ல. மீதியை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே எழுதி ஒட்டுங்கள், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் திறப்பார்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முட்டை இருக்கா, பால் இருக்கா என்பதோடு நிறுத்தாதீர்கள். மது சேர்த்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். நேர்மையான பேக்கர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். வெனிலாவைப் பற்றியும் கேட்கலாம். எசென்ஸ் வேறு, எக்ஸ்ட்ராக்ட் வேறு. எக்ஸ்ட்ராக்டில் பொதுவாக 35 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் இருக்கும், ஒரு டீஸ்பூன்தான் போடுவோம் என்றாலும் கேட்பவருக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த ருசிக்கு என்ன வழி என்று சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கறுப்பு பீர் கேக்கில் செய்யும் வேலை மூன்று. வறுத்த பார்லியின் கசப்பு கோகோவைத் தூக்கிக் காட்டும். அதன் புளிப்பு சோடாவைப் பொங்க வைக்கும். மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின் வாசம் ஒன்று தரும். நுரைக்கு இதில் வேலையே இல்லை, மாவைக் கலக்கும்போதே அது போய்விடும். இந்த மூன்றுக்கும் நம் வீட்டிலேயே சரக்கு இருக்கிறது.

ஒன்றேகால் கப் மைதா, கால் கப் முளைகட்டிய ராகி மாவு, ஒரு கப் சர்க்கரை, நான்கு டேபிள்ஸ்பூன் கோகோ, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாவற்றையும் சேர்த்துச் சலியுங்கள். ஒரு கப் ஃபில்டர் காபி டிகாக்‌ஷன், ரொம்பத் திக்காக வேண்டாம், முழுக்க ஆறியிருக்க வேண்டும். அதில் ஒரு டேபிள்ஸ்பூன் கெட்டி வெல்லப்பாகு, மூன்றில் ஒரு கப் எண்ணெய். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம், வாசம் தூக்கும். இரண்டையும் கட்டியில்லாமல் கலந்து, கடைசியாக ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சாறு பட்டதும் சோடா பொங்க ஆரம்பிக்கும், அதற்கு முன்பே ஓவன் 180 டிகிரியில் தயாராக இருக்க வேண்டும். ஊற்றி வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனால் கேக் உட்கார்ந்துவிடும். எட்டு அங்குல டின்னில் 30 முதல் 35 நிமிடம், நடுவில் குச்சி குத்தினால் மாவு ஒட்டக் கூடாது. குழந்தைகளுக்கென்றால் டிகாக்‌ஷனைப் பாதியாக்கி மீதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

அந்த மால்ட் வாசத்துக்கு முளைகட்டிய ராகிதான் முக்கியம். தருமபுரி, கிருஷ்ணகிரிச் சந்தைகளில் நல்ல ராகிக்குப் பஞ்சமே இல்லை. ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் சாதா ராகி மாவை வெறும் கடாயில் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவைத்துச் சலித்துச் சேருங்கள்.