தவணையில் வாங்கிய ஆஸ்பத்திரி

நைரோபியில் கணக்காளராக இருக்கிறேன். சாலை, மின்நிலையம், மருத்துவமனை என்று அரசும் தனியாரும் சேர்ந்து போடும் ஒப்பந்தங்களின் நிதிக் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. “அரசிடம் பணம் இல்லை, அதனால் தனியார் போடுகிறார்கள்” என்ற பேச்சைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறேன். அதில் பாதிதான் உண்மை. தனியார் போடுவது முதலீடு. அதை வட்டியோடும் லாபத்தோடும் திரும்ப எடுப்பார்கள்; அது அவர்கள் தொழில், அதில் தப்பில்லை. ஆனால் திருப்பிக் கட்டுகிறவர்கள் இரண்டே பேர்தான்: பயன்படுத்துகிறவர், இல்லையென்றால் வரி கட்டுகிறவர். மூன்றாவதாக ஒருவர் கிடையாது.

லெசோத்தோவின் கதையை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு அது. தலைநகர் மசேருவில் இருந்த பழைய அரசு மருத்துவமனை இற்றுப்போயிருந்தது. அதற்குப் பதிலாக 425 படுக்கைகளோடு புதிதாக ஒன்று கட்ட 2008-இல் கையெழுத்துப் போட்டார்கள். உலக வங்கிக் குழுமத்தில் தனியார் துறையைக் கவனிக்கும் பிரிவான ஐஎஃப்சி ஆலோசனை சொன்னது. தென்னாப்பிரிக்காவின் தனியார் மருத்துவமனை நிறுவனம் நெட்கேர் தலைமையிலான ட்செபோங் கூட்டமைப்பு கட்டி நடத்தும், அரசு ஆண்டுக் கட்டணம் தரும், ஒப்பந்தக் காலம் 18 ஆண்டுகள் என்று ஏற்பாடு. 2011 அக்டோபரில் குயீன் மமொஹாட்டோ நினைவு மருத்துவமனை திறந்தது.

மருத்துவமனை நன்றாகவே நடந்தது. பழையதோடு ஒப்பிட்டால் அங்கே நோயாளிகள் இறக்கும் விகிதம் கணிசமாகக் குறைந்தது. இதைச் சொல்லாமல் குறை மட்டும் பேசுவது நேர்மையில்லை. சிக்கல் ஒப்பந்தத்துக்குள் இருந்தது. வருடத்துக்கு 20,000 உள்நோயாளிகள், 3,10,000 வெளிநோயாளிகள் வரை ஆண்டுக் கட்டணத்தில் அடக்கம். அதற்கு மேல் வருகிறவர்களுக்கு அரசு தனியாகக் கொடுக்க வேண்டும். நல்ல ஆஸ்பத்திரி என்று பேர் எடுத்துவிட்டால் கூட்டம் வரத்தான் செய்யும். வந்தது, வரம்பைத் தாண்டியது. விலைவாசி ஏற ஏற அடிப்படைக் கட்டணமும் ஏறும்படி எழுதியிருந்தது. சிகிச்சை எவ்வளவு சிறக்கிறதோ அந்த அளவுக்கு அரசின் பில்லும் ஏறும் ஒப்பந்தம் அது.

நாட்டின் சுகாதார பட்ஜெட்டில் 51 சதவீதத்தை இந்த ஒரே மருத்துவமனை விழுங்குகிறது என்று 2014-இல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் சொன்னது. அவ்வளவு இல்லை என்று உலக வங்கி மறுத்தது. சதவீதம் பற்றிய சண்டை இருக்கட்டும். மலைக்கிராமத்தில் கிளினிக் நடத்தவும் அதே பெட்டியிலிருந்துதான் காசு வர வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. 2021-இல் அரசு மருத்துவமனைகளுக்கு இணையான சம்பளம் கேட்டு நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 300-க்கும் மேற்பட்டவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதே வருடம் ஒப்பந்தம் முறிந்து, 18 ஆண்டு முடியுமுன்பே மருத்துவமனை அரசின் கைக்கு வந்தது.

கானாவில் இதே கதை மின்சாரத்தில் நடந்தது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் காசு கொடுத்தாக வேண்டும் என்ற வகை ஒப்பந்தங்களைத் தனியார் மின்நிலையங்களோடு போட்டார்கள். 2019-இல் நாட்டின் உற்பத்தித் திறன் 5,083 மெகாவாட், உச்சத் தேவையோ 2,700 மெகாவாட் அளவில்தான். பயன்படுத்தாத மின்திறனுக்காக வருடத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல் கட்டுகிறோம் என்று நிதி அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

நான் இருக்கும் ஊரையே பாருங்கள். ம்லோலொங்கோவிலிருந்து வெஸ்ட்லாண்ட்ஸ் வரை 27 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ்வே 2022-இல் திறந்தது. கட்டியது சீன நிறுவனம். டோல் வசூலித்து போட்ட முதலீட்டை எடுத்துக்கொள்ள 27 ஆண்டுகள். 2024 ஜனவரியில் முழுத் தூரத்துக்கான கார் கட்டணம் 360 ஷில்லிங்கிலிருந்து 500 ஆனது. டாலருக்கு எதிராக ஷில்லிங் சரிந்ததுதான் காரணம். டாலர் ஏறினால் கட்டணமும் ஏறும். கார் ஓட்டுகிறவர் சம்பளம் வாங்குவது ஷில்லிங்கில். கீழே பழைய சாலை இலவசமாக இருப்பதால் மட்டாட்டு என்ற தனியார் மினி பஸ்ஸில் போகிறவர்கள் நெரிசலோடு தப்பித்தார்கள்.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். தென்னாப்பிரிக்காவின் விட்பேங்கிலிருந்து மொசாம்பிக்கின் மபுட்டோ துறைமுகம் வரை போகும் என்4 டோல் சாலைக்கு 1997-இல் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அது நிலைத்து நின்றது. சரக்கு லாரிகள் ஓடும் தடம் அது, கட்டணம் கொடுக்கக்கூடியவர்கள் போகிற சாலை. ஒப்பந்தத்துக்கு முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்: கட்டக்கூடியவர் யார், எந்த நாணயத்தில் கட்டுவார், கூட்டம் கூடினாலும் குறைந்தாலும் நஷ்டம் யார் தலையில்.

போன வருடம் வேறொரு நாட்டின் நிதி அமைச்சகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார். டோல் சாலை ஒன்றின் எக்செல் கோப்பும், ‘அரசுக்குச் செலவில்லை’ என்ற குறிப்பும் அவரிடம் இருந்தன. கோப்பின் கடைசித் தாளில் ‘குறைந்தபட்ச வருவாய் உத்தரவாதம்’ என்று ஒரு வரிசை. வாகன வரவு குறைந்தால் விழும் துண்டை அரசு கட்டும் என்று அதற்குப் பொருள். 25 வருடத்துக்கும் அதில் சைபர்தான். வாகனங்கள் ஆண்டுக்கு 8 சதவீதம் பெருகும் என்று முதல் தாளில் எழுதிவிட்டால் சைபர்தான் வரும். அந்த 8-ஐ 4 ஆக்கி என்டர் தட்டினேன். ஆறாவது வருடத்திலிருந்து சைபர்கள் தொகைகளாக மாறின.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் நோட்டை எடுத்து ஒவ்வொரு வருடத் தொகையையும் கையால் எழுதிக்கொண்டார். இதை பட்ஜெட்டோடு சேர்த்து நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்றேன். முதலில் அமைச்சரிடம் காட்ட வேண்டும் என்றார். கேள்வி வரும் என்று தெரிந்ததால், 3 சதவீதத்துக்கும் ஒரு கணக்குப் போட்டு அச்செடுத்துக் கொடுத்தனுப்பினேன்.